கீலில் பிறந்த இருட்டு

வண்ணாத்திவில்லிலிருந்து எலுவன்குளம் தாண்டிப் போனால் கங்கேவாடி. கலா ஓயா கடலோடு சேரும் இடம். அக்கரையில் வில்பத்துக் காடு. அமாவாசை இரவில் அங்கே கண்டல் எது, தண்ணீர் எது என்று தெரியாது. தோணியில் முன்னால் இருப்பவரின் முதுகுகூடத் தெரியாது. நாம் மையிருட்டு என்போம். ஆங்கிலத்தில் 'பிட்ச் டார்க்'.

பிட்ச் என்றதும் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் ஆடுகளம்தான் நினைவுக்கு வரும். அது வேறு சொல். விக்கெட் குச்சிகளை நிலத்தில் ஊன்றுவதிலிருந்து வந்தது. இருட்டோடு சேரும் பிட்ச், லத்தீனின் 'பிக்ஸ்' வழியாக வந்தது. பொருள்: கீல்.

பிசின் ஊறிய பைன் கட்டைகளை அடுக்கி, மண்ணால் மூடி, காற்றுப் புகாமல் புகையவிட்டால் தார் வடியும். அதைக் காய்ச்சக் காய்ச்ச இறுகி வருவதே கீல். ஐரோப்பாவின் மரக்கப்பல்கள் மிதந்ததே அதனால்தான். பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து, மேலே உருக்கிய கீலை வார்ப்பார்கள். நம் தச்சர்கள் கலப்பத்து என்று சொல்லும் அதே வேலை. கப்பல் கட்டும் துறையில் கீலைவிடக் கறுத்த பொருள் ஏது? இருட்டுக்கும் அதுவே அளவானது. கீலின் கெட்டித்தன்மையும் அசாத்தியமானது. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் பார்னெல் 1927இல் புனலில் ஊற்றிய கீல், 2014 வரை ஒன்பது சொட்டுகளே விழுந்திருக்கிறது. இருட்டும் அப்படித் தொட்டால் கையில் ஒட்டும்போல் இருந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். மங்கலான அறைக்கு அது ஆகாது. அதற்கு முன்னே 'மிக' சேர்ப்பதும் வீண்.

இருட்டைச் சொல்ல அவர்களுக்குக் கீல், நமக்கு மை. ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து, படியும் கரியை வழித்து, எண்ணெயில் குழைத்த கண்மை. அங்கே கட்டை புகைந்தது, இங்கே திரி எரிந்தது. நெருப்பின் மிச்சத்தையே இரு மொழிகளும் இருட்டுக்குப் பெயராக வைத்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

யாழ்ப்பாணப் பக்கம் மைம்மல் என்றொரு சொல் உண்டு. பொழுது சாய்ந்து, எதிரே வருபவரின் முகம் மங்கும் நேரம். இன்று பிள்ளைகளின் வாயில் அது அரிதாகிவிட்டது. அதைக் கேட்காத நாட்கள் வலிக்கின்றன. முகம் மங்கினால் மைம்மல். பக்கத்தில் நிற்பவரைக் குரலால் மட்டும் அறிந்தால் மையிருட்டு. இந்த இரண்டுக்கும் இடையில்தான் தோணிக்காரர் கரை சேரப் பார்ப்பார்.