சாதி நாயும் முயலின் மண்ணும்

1

கலெக்டர் ஆஷ் 1911இல் சுடப்பட்ட ரயிலடி என்றுதான் மணியாச்சியை வரலாற்றுப் புத்தகம் அறியும். அந்த ரயிலடியைச் சுற்றிக் கிடக்கும் கரிசல் காட்டில் மனிதரோடு ஓடிய நாய்களுக்குப் புத்தகத்தில் இடமில்லை. ஆனால் ஊர்ப்பேச்சில் உண்டு. எங்கள் பக்கம் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தால் முதல் கேள்வி, "இது என்ன சாதிய்யா?" அடுத்தது, "ஒரிஜினலா, கலப்பா?" மனிதரிடம் எந்தத் தெரு, யார் வீடு என்று சுற்றிவளைத்துக் கேட்பதை நாய் விஷயத்தில் நேராகவே கேட்டுவிடுகிறோம்.

வேலைக்கும் போட்டிக்கும் எந்த இன நாயைத் தேர்ந்தெடுக்கலாம் என்று இப்போது நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். இதைச் சந்தைக் கேள்வியாக மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. யார் தேர்கிறார், எதை அளவாக வைத்துத் தேர்கிறார் என்கிற அதிகாரத்தின் வரலாறும் அதற்குள் கிடக்கிறது.

2

சிப்பிப்பாறை ஓர் ஊரின் பெயர். கோவில்பட்டிக்குப் பக்கத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சுமக்கும் நாய்க்கு நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, குட்டை ரோமம். கரிசல் வெட்டவெளி, மரம் குறைவு. பருத்தியும் கம்பும் அறுத்த பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் வரை மறைப்பு இல்லை. இங்கே முயலை மோந்து தேடுவதைவிடக் கண்ணால் பார்த்துத் துரத்துவதுதான் கதைக்கு ஆகும். மலையடிவாரத்துக் கோம்பை நாய் கனத்த உடம்போடு பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் ஆனது என்றால் அங்கே நிலமும் வேலையும் வேறு. உடம்பைச் செதுக்கியது வேலை. அதை நாம் ரத்தம் என்று வாசிக்கிறோம்.

இந்த நாய்களைப் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலும் ஜமீன்தார் வந்துவிடுவார். வெயிலில் கூடவே ஓடியவர், தன் கஞ்சியில் பங்கு வைத்தவர் வரமாட்டார். கறுப்பில் செம்பட்டைப் புள்ளி கொண்டது கன்னி. மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் அந்தப் பேர் என்று ஒரு விளக்கம். பெண்ணையும் நாயையும் ஒரே தட்டில் வைத்துக் கைமாற்றிய சமூகம், தூய்மையின் பெயரையும் நாய்மேல் ஏற்றியது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒன்றே, நிறம்தான் வேறு என்று சொல்லும் வளர்ப்போரும் உண்டு.

மணியாச்சிக்குக் கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி. வேட்டை நாய்களை ஒரு முயல் திரும்பி நின்று எதிர்த்ததாம். வீரம் விளையும் மண் இது என்று அங்கே கோட்டை கட்டினார்களாம். விஜயநகரத்துக்கும் அகமதாபாத்துக்கும் இதே கதை உண்டு. வீரம் முயலுடையது, கோட்டை பாளையக்காரருடையது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையையும் கும்பினி இடித்துவிட்டது. முயலின் பக்கமிருந்து இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை.

3

நாயைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து. 1859இல் நியூகாசிலில் கண்காட்சி, 1873இல் கென்னல் கிளப். எந்தத் தாய், எந்தத் தகப்பன் என்று எழுதிவைத்து, பதிவேட்டில் இல்லாததை வெளியே நிறுத்தினார்கள். அதே காலனியத்தின் ஆங்கிலம் நம் தெருநாய்க்கு ஒடுக்கப்பட்ட ஒரு சாதியின் பெயரையே சூட்டியது. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அந்தச் சொல் ஏறியிருக்கிறது. வெள்ளைக்காரன் தலையில் மட்டும் இந்தப் பழியைப் போட முடியாது. தீட்டின் அகராதி ஏற்கனவே இங்கே தயாராக இருந்தது, அவன் அச்சடித்தான்.

தூய்மைக்கு விலை உண்டு. ராஜபாளையம் நாயில் பால்வெள்ளை நிறமும் ரோஜா நிற மூக்கும் அழகு என்று தேர்ந்தெடுத்தார்கள். நிறமிச் செல்கள் உட்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாமல் போனால் குட்டி செவிடாகும். இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்போர் அறிந்த சிக்கல்.

4

போட்டிகளின் அளவுகோலும் ஓரிடத்தில் பிறந்ததுதான். 1899இல் ஜெர்மனியில் ஷ்டெஃபானிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி ஜெர்மன் ஷெப்பர்டு நாய்க்குச் சங்கம் தொடங்கினார். அந்த நாய்க்கென்றே உருவான ஷுட்ஸ்ஹுண்ட் தேர்வில் மூன்று பகுதி: தடம் மோந்து போதல், கீழ்ப்படிதல், ஆளைக் கவ்வி மடக்குதல். ஆட்டுமந்தையில் மேய்ப்பனின் சொல்லை எதிர்பார்த்தே வேலை செய்து பழகிய நாய்க்கு இது பொருந்தும். சிப்பிப்பாறைக்கு முயல் எழும்பிய கணத்தில் எஜமான் தேவையில்லை. அது தானே முடிவெடுக்கும். இந்தத் தேர்வில் நிறுத்தி, "புத்தி கெட்ட நாய், சொன்னபடி கேட்காது" என்று எழுதினால், தோற்றது நாயா, தேர்வா?

5

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல் வேட்டை குற்றமாயிற்று. முயலுக்காகச் சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் நாய் வேலையை இழந்தது; மிஞ்சியது பேர். ஏறக்குறைய அதே சமயம் கலிபோர்னியாவில், கயிற்றில் ஓடும் போலித் துணியைத் துரத்தவிடும் போட்டி உருவானது. ஓட்டம் தங்கியது, சாவு போயிற்று. நமக்குத் தேவைப்பட்ட மாற்றும் அதுதான்.

நாம் செய்தது வேறு. சைதாப்பேட்டையில் அரசு நடத்திய நாய் இனப்பெருக்கப் பண்ணையை 2016இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொல்லி உள்நாட்டு நாய் வளர்க்கச் சொன்னார். காலனியப் பதிவேட்டின் இடத்தில் தேசியப் பதிவேடு, கேட்கும் கேள்வி மட்டும் அதே "ஒரிஜினலா?"

ஆகவே நாய் வாங்கப் போகிற நண்பரிடம் நான் சொல்வது: சாதியைக் கடைசியில் கேளுங்கள். முதலில் உங்கள் வேலை என்ன, ஓட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த வீட்டில் பார்வை வேட்டை நாய் வதைபடும். அவிழ்த்துவிட்டால் ஆட்டுக்குட்டியையும் துரத்தும். தாய் நாய் ஓடுவதைக் கண்ணால் பாருங்கள். குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டுங்கள், காது கேட்கிறதா தெரியும். தடை தாண்டும் போட்டிதான் ஆசை என்றால் தெருவில் பிறந்ததும் போதும். அமெரிக்கக் கென்னல் கிளப்பே 2010 முதல் கலப்பு நாய்களைப் போட்டிகளில் ஓடவிடுகிறது. இவ்வளவுக்கும் பிறகு விற்கிறவர் "சாதி சுத்தம்" என்று ஆரம்பித்தால், எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.