தீக்குச்சியும் தாடை எலும்பும்

சிவகாசித் தீப்பெட்டித் தொழிலாளி ஒருவரின் தாடை வீங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவர் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கிறார். சொத்தைப் பல்லின் வேர் நுனியில் வட்டமான கரிய நிழல். அதைச் சுற்றி மெல்லிய வெண்கோடு. எலும்பு கரைந்த இடத்தில் நீர்ப்பை ஒன்று உண்டாகியிருக்கிறது. பை மெல்ல வளர்வதால் சுற்றியுள்ள எலும்புக்குத் தன் விளிம்பைக் கெட்டியாக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. அந்த விளிம்பே வெண்கோடு. பெரும்பாலும் இது தீங்கற்ற நீர்க்கட்டி. அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வார்கள்.

இதே வீக்கம் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிலாளிக்கு வந்திருந்தால்? நடுங்கிப் போயிருப்பார். அன்று குச்சி முனையில் வெண் பாஸ்பரஸ் இருந்தது. அதன் ஆவியால் தாடை எலும்பே செத்தது; சீழ் வடிந்தது, எலும்பு துண்டு துண்டாகக் கழன்றது. 1845இல் வியன்னாவில் லோரின்சர் என்ற மருத்துவர் இந்நோயை விவரித்தார். எலும்பினுள் பார்க்க அவருக்கு ஏது வழி? ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டது 1895இல்தான். மறு ஆண்டே ஜெர்மானியப் பல் மருத்துவர் வால்காஃப் தம் பற்களையே படமெடுத்தார். 25 நிமிடம் அசையாதிருந்தாராம்!

ஆனால் நோயை ஒழிக்கச் சட்டம்தான் வேண்டியிருந்தது. 1906இல் பெர்ன் நகர உடன்படிக்கை வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியை விலக்கியது. 1913இல் இந்தியாவும் தடை செய்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுச் சிவகாசியில் தொடங்கியது அதற்குப் பத்தாண்டு கழித்து, 1923இல். இன்று பெட்டியின் பக்கத்தில் பூசப்படுவது சிவப்பு பாஸ்பரஸ். வெடி விபத்து சிவகாசியை விட்டபாடில்லை, உண்மைதான். ஆனால் அங்கே ஒருவரின் தாடை வீங்கினால் மருத்துவர் முதலில் தேடுவது சொத்தைப் பல்லைத்தான்.