பூச்சியத்துக்குத் திரும்பிய எண்

வழிப்போக்கர் மடமொன்றில் இராப்பொழுதிலே பலர் தங்குகின்றனர். ஒருவர் விடியுமுன் எழுந்து போகிறார். இன்னொருவர் நடுப்பகல்வரை உறங்குகிறார். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தும் பொறுப்பு கடைசியாகப் போகின்றவருடையது. ஆனால், தாமே கடைசி ஆள் என்பதை அவர் அறிவது எவ்வாறு? கதவருகே ஒரு பலகையைத் தொங்கவிட்டு, வருபவர் அதிலுள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டவும், போகின்றவர் ஒன்றைக் கழிக்கவும் செய்தால் போதும். எண் பூச்சியமானால் மடத்தில் எவருமில்லை. கணினியின் நினைவகமும் இத்தகைய பலகைகளைக்கொண்டே ஆளப்படுகிறது என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

1960ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜோன் மக்காதி, லிஸ்ப் என்னும் தமது கணினிமொழியை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். நினைவகம் தீரும்வரை தாராளமாகப் பயன்படுத்துவது, தீர்ந்தபின் எவருக்கும் எட்டாத இடங்களைத் தேடித் திரட்டுவது என்பதே அவர் கூறிய முறை. அவ்வாண்டின் இறுதியில் ஜோர்ஜ் கொலின்ஸ் என்பவர் மாற்று வழியொன்றைக் காட்டினார். பலர் பகிர்ந்துகொள்ளும் பொருளோடு, அதனைப் பற்றியிருப்போர் தொகையையும் சேர்த்து எழுதிவைத்தால், தேடுதலே வேண்டியதில்லை. தொகை பூச்சியமானவுடன் அந்த இடம் விடுதலை பெறும். ஒன்றையொன்று வட்டமாகப் பற்றியிருக்கும் பொருள்களின் எண்ணிக்கை ஒருபோதும் பூச்சியமாகாது என்ற குறையை 1963இல் மக்பெத் என்பவர் எடுத்துரைத்தார். ஆயினும் நாம் கூறவந்த விடயத்துக்கு அக்குறை பெரிதும் ஊறு செய்யவில்லை.

1962 டிசம்பரில் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அற்லஸ் என்னும் கணினி தொடக்கி வைக்கப்பட்டது. ரொம் கில்பேணும் அவருடைய தோழர்களும் அதன் நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக வகுத்தனர். பக்கம் என்ற பேச்சு அங்கிருந்து பரவிற்று. 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் முறைமையிலும், வழக்கமான கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைற்று அளவினது. அம்முறைமையின் நடுநாயகமான கருநிரல், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சிறு பதிவேடு வைத்திருக்கிறது. பற்றியிருப்போர் எண்ணிக்கை அதிலேதான் உண்டு.

ஒரு பக்கத்தைப் பலர் பற்றுவது ஏன்? ஒரு செய்நிரல் தன்னைப்போல் இன்னொன்றைப் பிறப்பிக்கும்போது பக்கங்கள் உடனே படியெடுக்கப்படுவதில்லை. எவராவது எழுத முற்படும்வரை இருவரும் ஒன்றையே பகிர்ந்துகொள்வர். வட்டிலிருந்து வந்த கோப்பின் பக்கத்தைப் பல நிரல்கள் ஒருங்கே வாசிக்கும். வலையமைப்புக் கருவி நேரே அதில் எழுதிக்கொண்டிருக்கும். இவற்றுள் ஒன்று எண்ணைக் குறைக்க மறந்தால் அந்தப் பக்கம் வீணே முடங்கிப்போம், நட்டம் அவ்வளவே. ஒன்று மிகையாகக் குறைத்துவிட்டாலோ நிலைமை வேறு. இன்னும் ஆள் இருக்கும் அறையை வெறும் அறையென்று கருதிப் புதியவருக்குக் கொடுத்ததாக முடியும். பழையவர் கையில் திறவுகோல் இருக்கிறது. புதியவர் அங்கே வைக்கும் கடவுச்சொல்லை அவர் வாசிக்கலாம்; அதன்மேல் எழுதவும் செய்யலாம்.

ஆகவே கூட்டலும் கழித்தலும் பிளவுபடாத ஒரே செயலாக நிகழுமாறு அமைத்தனர். இரு செயலிகள் ஒரே கணத்தில் எண்ணைத் தொட்டாலும் கணக்குப் பிசகாது. பூச்சியமாகிவிட்ட எண்ணை மீண்டும் உயர்த்தலாகாது என்ற விதியும் வந்தது. இத்தனை காவலுக்கும் அப்பால் எஞ்சிய வாயில், பலகையின் அகலம்.

அந்த எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 32 இருமக் குறிகள். 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 தடவை கூட்டினால் அது சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே திரும்பும். கோடிக்கணக்கானோர் பற்றியிருக்கும்போதே பலகை 'எவருமில்லை' என்று சொல்லும். ஒரு பக்கத்தை அத்தனை பேர் எங்ஙனம் பற்றுவர் என்று பொறியியலாளர் வாளாவிருந்தனர். பற்றுவோர் ஒவ்வொருவரையும் குறித்துவைக்கவும் நினைவகம் வேண்டுமல்லவா? அந்நாளைய கணினிகளில் அதற்கு இடம் ஏது? அவர்களைப் பெரிதும் குறைகூற இயலாது.

2016 சனவரியில் ஓர் எச்சரிக்கை வெளிவந்தது. கருநிரல் திறவுகோல்களைக் காக்கும் வேறொரு பகுதியில், இடமே செலவாகாமல் எண்ணிக்கையை உயர்த்தும் பிழையொன்று இருந்தது. ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்ப விடுத்து, ஏறக்குறைய அரைமணி நேரத்தில் எண்ணை முழுச் சுற்றுச் சுற்றவைத்து, கணினியின் முழு அதிகாரத்தையும் பறிக்கலாம் என ஆய்வாளர் காட்டினர். 2017இல் வெளியான 4.11ஆம் பதிப்பு, எல்லையை எட்டியதும் அங்கேயே உறைந்துவிடும் புதுவகை எண்ணியைக் கொண்டுவந்தது. அப்பொருள் என்றைக்கும் விடுபடாது. சிறிது நினைவகம் இழப்பாகும், ஆபத்து நேராது. நினைவகப் பக்கங்களின் எண்ணிக்கை பழைய நிலையிலேயே விடப்பட்டது.

2019இல் கூகிள் நிறுவனத்து ஆய்வாளர் ஜான் ஹோர்ன் அந்தப் பழைய கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார். ஏறத்தாழ 140 கிகாபைற்று நினைவகம் இருந்தால் ஒரு பக்கத்தின் எண்ணைச் சுற்றவைத்துவிடலாம் என்பது தெரியவந்தது. பற்றுதல் ஒன்றுக்குச் சராசரி 35 பைற்றே செலவு. ஒருகாலத்தில் கற்பனைக்கும் எட்டாதிருந்த அந்த அளவு, பெரிய சேவைக் கணினிகளில் அப்போது சாதாரணமாகியிருந்தது. பலகையின் அகலம் மாறவில்லை, மடம்தான் வளர்ந்துவிட்டது.

அவ்வாண்டு ஏப்பிரலில் ரோவால்ட்ஸ் செய்த திருத்தம் எளிமையானது. எண்ணின் அளவைப் பெருக்கவில்லை. அது பாதி எல்லையைக் கடந்தால் குறியிலக்க முறையில் எதிர் எண்ணாகத் தோன்றும். அவ்வாறு தோன்றிய பக்கத்தைப் புதிதாகப் பற்ற வருபவருக்கு, ஐயத்துக்குரிய வழிகளில் இடமில்லையென்று சொல்லிவிடுவது. எல்லையைத் தொட இன்னும் இருநூறு கோடிக்கு மேல் எஞ்சியிருப்பதால், ஓரிருவர் இடையே நுழைந்தாலும் கேடில்லை. அதுவரை பக்கத்தைப் பற்றும் செயல் தோல்வியடையக்கூடியதாகவே கருதப்படவில்லை. எனவே கேட்கின்ற பகுதிகளுக்கு மறுமொழியைச் செவிமடுக்கப் பழக்குவதே வேலையின் பெரும்பங்காயிற்று. ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைப் பகிரும் பகுதி உட்படப் பல இடங்கள் இவ்வாறு திருத்தப்பெற்று, 2019 மே மாதம் வெளிவந்த 5.1ஆம் பதிப்பில் இடம்பெற்றன.