படத்தில் இல்லாத 'செய்தி'

நிலத்தைப் பற்றிச் சொல்ல வந்த தொல்காப்பியர் மலையையும் மரத்தையும் மாத்திரம் சொல்லி நிறுத்தவில்லை. அங்கு வாழ்வோரின் தொழிலையும் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்து, அதற்குச் 'செய்தி' என்று பெயரிட்டார். தினைப்புனங் காப்பாரின்றிக் குறிஞ்சி இல்லை. நாற்று நடுவாரின்றி மருதம் இல்லை. தமிழாசிரியனாகிய நான் பிறநாட்டு நிலக்காட்சி ஓவியங்களையும் இந்த அளவுகோல் கொண்டே பார்ப்பதுண்டு. அவ்வாறு பார்த்த ஒரு நூலைப் பற்றி இன்று பேசலாம், நேயர்களே.

ஜேம்ஸ் ஹேக்வில் என்பவர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். 1820, 1821ஆம் ஆண்டுகளில் ஜமெய்க்காத் தீவிலே தங்கி வரைந்த காட்சிகளுள் 21ஐ வர்ணந் தீட்டி 1825இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். முன்னர் இத்தாலியின் எழிலிடங்களைப் பற்றி நூல் செய்தவர் அவர். அதே கண்ணோடுதான் கரும்புத் தோட்டங்களையும் நோக்கினார். மலைச்சாரல், ஓங்கிய மரங்கள், மாடுகள், ஆலைக் கட்டடங்கள். ஓரத்திலே சின்னஞ்சிறு உருவங்களாகச் சில கறுப்பின மக்கள். நூல் காணிக்கையாக்கப்பட்டதோ தோட்ட உடைமையாளருக்கு!

அந்த ஆலைகளுள் நடந்தது என்ன? வெட்டிய கரும்பு புளிக்குமுன் பிழியப்படவேண்டும். ஆகவே அறுவடைக் காலத்தில் ஆலை இரவு பகலாக ஓடியது. களைத்துக் கண்ணயர்ந்தவரின் கை உருளைகளுக்குள் அகப்பட்டால், அதைத் துண்டிப்பதற்கென்றே பக்கத்தில் கோடரி வைத்திருந்தனர். ஹேக்வில் படம் வரைந்த நாளில் அத்தீவிலே மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகளாயிருந்தனர்.

அவர் வரைந்த தோட்டங்களுள் ஒன்று திரினிற்றி. 1760ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறை ஒட்டி, டக்கி என்பவரின் தலைமையிலே மூண்ட பெருங்கிளர்ச்சியில் சேர்ந்தவர்களுள் இத்தோட்டத்து அடிமைகளும் இருந்தனர். நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். டக்கியின் தலை ஸ்பானிஷ் ரவுண் நகரிலே கம்பத்தில் நாட்டப்பட்டது. அறுபது ஆண்டுகளின் பின் அதே மண் ஓவியத்தில் அமைதியாகத் துயில்கிறது.

இந்த அமைதிக்கு ஒரு தேவையும் இருந்தது. 1823இல் அடிமைமுறைக்கு எதிரான சங்கம் இலண்டனிலே உருவாயிற்று. தோட்டங்களைப் பற்றிக் கேள்விகள் எழுந்த வேளையில் வந்த பதில்போல அமைந்தது இந்நூல். 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது, உடைமையாளருக்கு நட்டஈடாக 2 கோடி பவுண் ஒதுக்கப்பட்டது. அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை. படத்தில் சிறுத்துப் போனவர்கள் கணக்கிலும் இல்லாமற் போயினர்.

இது தூரதேசத்துக் கதை மாத்திரமன்று. ஜமெய்க்காவிலே தோட்டத்தொழில் பயின்ற ஆர்.பி. டைட்லர், 1837இல் அங்குள்ள கோப்பிச் செய்கை முறையை நமது மலைநாட்டுக்குக் கொண்டுவந்தார். இங்கு உழைத்தவர்கள் அடிமைகள் அல்லர். தென்னிந்தியாவிலிருந்து வந்து கடனாற் கட்டுண்ட கூலிகள். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கொழுந்து பறிக்கும் பெண் சிரித்தபடி நிற்கும் நாட்காட்டிகள் நம் வீட்டுச் சுவர்களிலும் தொங்கியதுண்டு. அவளுடைய லயத்து அறையை அப்படங்களில் நான் கண்டதில்லை.