சேது, சிவகங்கைச் சீமைகளின் அரச மகளிர்

இராமநாதபுரம் சேதுபதிகள் குடும்பத்திலும் அதன் கிளையான சிவகங்கை அரச குடும்பத்திலும் பிறந்த பெண்மக்கள். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கே உள்ள திருச்சுழி, நரிக்குடி வட்டாரங்கள் இந்தச் சீமைகளின் வரலாற்றோடு பிணைந்தவை. மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் நரிக்குடிக்குப் பக்கத்து ஊர்தான்.  

சிவகங்கை தனிச் சீமையானதற்கே ஒரு திருமணம்தான் அடித்தளம். விஜயரகுநாத சேதுபதி தம் மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரை நாலுகோட்டை சசிவர்ணத் தேவருக்கு மணமுடித்து, ஆயிரம் போர்வீரர்களைப் பராமரிக்கும் அளவுக்கு நிலத்தைச் சீதனமாகக் கொடுத்தார். பின்னர் வந்த வாரிசுச் சண்டையில் சேது நாடு ஐந்து பங்காகி, இரண்டு பங்கு 1730ஐ ஒட்டி சசிவர்ணருக்குச் சேர்ந்தது.

அதே காலத்தில் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் பேரரசர் ஆறாம் சார்லஸ், மகளும் பட்டத்துக்கு வரலாம் என்று 1713இல் ஆணையிட்டிருந்தார். 1740இல் அவர் மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வந்தார். அதை ஏற்காத அரசுகளுடன் 1748 வரை போரிட வேண்டியிருந்தது. ஆறாம் சார்லசைப் போலவே, இராமநாதபுரத்தில் ஆண்ட செல்லமுத்து சேதுபதிக்கும் ஆண்பிள்ளை இல்லை. 1730இல் பிறந்த வேலு நாச்சியார் ஒரே மகள். வாளும் வளரியும் வீசக் கற்றவர் என்பார்கள். ஆனாலும் தந்தையின் பட்டம் அவருக்கு வரவில்லை. செல்லமுத்துவின் சகோதரி முத்துத்திருவாயி நாச்சியாரின் கைக்குழந்தை முத்துராமலிங்கம் சேதுபதியானான். தாய் அவன் பேரால் ஆண்டார். 1772இல் ஆற்காட்டு நவாபின் படையும் கம்பெனிப் படையும் இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தபோது, அவரும் பிள்ளைகளும் திருச்சிராப்பள்ளியில் சிறைவைக்கப்பட்டனர். வேலு நாச்சியாரைக் கொண்டாடும் மேடைகள் இந்த அத்தையின் பெயரை உச்சரிப்பதே இல்லை.

வேலு நாச்சியார் 1746இல் சிவகங்கை முத்துவடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்டவர். 1772 ஜூனில் காளையார்கோவிலில் கணவர் கொல்லப்பட, மகள் வெள்ளச்சியோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குத் தப்பினார். எட்டு ஆண்டு காத்திருந்து, ஹைதர் அலியின் உதவியோடும் மருது சகோதரர்களின் துணையோடும் 1780இல் சீமையை மீட்டார். வெள்ளச்சிக்கோ ஆட்சி கிட்டவில்லை. அவரை மணந்த வேங்கன் பெரிய உடையாத் தேவர் அரசரானார்.

கம்பெனி ஆட்சியில் வாள் போய்ச் சன்னது (ஜமீன் உரிமைப் பட்டயம்) வந்தது. முத்துத்திருவாயியின் மகன் முத்துராமலிங்க சேதுபதியை 1795இல் கம்பெனி பதவியிலிருந்து இறக்க, அவருடைய அக்காள் மங்களேசுவரி நாச்சியார் 1803இல் இராமநாதபுரம் ஜமீன்தாரிணி ஆனார்.

சிவகங்கையில் சண்டை நீதிமன்றம் ஏறியது. ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829இல் இறந்ததும் அண்ணன் மகன் சொத்தைக் கைப்பற்றிக்கொண்டார். கௌரி வல்லபரின் மகள் கட்டமா நாச்சியார் இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போனார். கம்பெனி புதிதாக வழங்கிய ஜமீன் தந்தையின் சுயார்ஜிதம். ஆகவே குடும்பம் பிரியாமல் இருந்தாலும் மனைவிக்குப் பிறகு மகளுக்கே அது சேரும் என்று 1863இல் தீர்ப்பானது. இந்து வாரிசுரிமைச் சட்டம் படிப்பவர்களுக்கு அது சிவகங்கை வழக்கு.