சென்னையில் குவில்ட்: துண்டுத்துணியும் தையல் இயந்திரமும்

மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் ஊடுருவித் தைத்து இணைக்கப்படும் போர்வை குவில்ட் எனப்படுகிறது. ஆண்டின் பெரும்பகுதி புழுக்கத்தில் கழியும் சென்னைக்கு அது தேவைப்படாததால், வங்காளத்துக் காந்தா, மராட்டியத்துக் கோதடி, வட கன்னடச் சித்தி மக்களின் கவந்தி ஆகியவற்றைப் போன்றதொரு மரபு இங்கு வேரூன்றவில்லை. ஆயினும் பிற நாட்டார் போர்த்திக்கொண்ட குவில்ட்களில் இக்கடற்கரைக்குப் பெரும் பங்குண்டு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் குடியேறிய, மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமிலிருந்தும், 1639க்குப் பின் ஆங்கிலேயரின் சென்னையிலிருந்தும், கையால் வண்ணம் தீட்டிச் சாயமேற்றிய பருத்தித் துணிகள் ஐரோப்பாவுக்குச் சென்றன. அவற்றின் கவர்ச்சிக்கு அஞ்சிய உள்நாட்டு நெசவாளரின் நெருக்குதலால், பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1701இலும், பின்னர் மேலும் கடுமையாக 1721இலும் இத்தகைய துணிகளுக்குத் தடை விதித்தன. அத்துணை விரும்பப்பட்ட துணியின் எஞ்சிய துண்டுகளும் அங்கு போற்றப்பட்டன என்பதற்கு, இந்தியத் துணித் துண்டுகளை இணைத்து ஏறத்தாழ 1708இல் தைக்கப்பட்டதும் இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் உள்ளதுமான குவில்ட் சான்றாகும்.

தமிழ் வீடுகளில் துணியை அடுக்கித் தைத்தது குழந்தைக்காக. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியைவிடப் பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டியும் சேலையுமே உகந்தவை என்று கருதிய பாட்டிமார், அவற்றை மடித்து ஓட்டுத்தையல் போட்டு விரிப்பாக்கிக் கொடுத்தனர். விலைக்கு வராத இந்தக் கைவேலையை வரலாற்று நூல்கள் அநேகமாகக் கண்டுகொள்வதில்லை, அது பெருங்குறை.

தையல் இயந்திரம் பெண்களின் கைக்கு வந்தது இதனினும் முக்கியமான திருப்பம். இயந்திரங்களைக் கண்டித்த காந்தியடிகளே 1924இல், பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரனுடன் உரையாடியபோது, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். சென்னையில் 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் கிளைகள் எழுத்தறிவோடு தையலும் கற்பித்தன; மயிலாப்பூரில் துர்காபாய் 1937இல் தொடங்கிய ஆந்திர மகிளா சபையில் தையல், ஆதரவற்ற பெண்களின் வாழ்வாதாரப் பயிற்சியாயிற்று. பிற்காலத்தில் தமிழக அரசு, ஏழைக் கைம்பெண்களுக்கும் கணவரால் கைவிடப்பட்டோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசமாக இயந்திரம் வழங்கும் திட்டத்தைச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரால் நடத்தலாயிற்று.

இப்பயிற்சிகளின் பயன் ரவிக்கையோடும் பாவாடையோடும் நிற்கவில்லை. மிதி இயந்திரத்தில் பூவேலை கற்றவர்கள், துணியைப் பின்னுக்குத் தள்ளும் பற்களைத் தாழ்த்தியோ தகட்டால் மூடியோ, வட்டச் சட்டத்தில் இறுக்கிய துணியைக் கைகளாலேயே நகர்த்தி ஊசிக்கடியில் கோலம்போல வளைவுகளை வரைவர். இயந்திரக் குவில்டில் கட்டற்ற தையல் எனப்படும் முறையின் அடிப்படையும் இதுவே. அங்கே சட்டத்துக்குப் பதிலாக மூன்று அடுக்கின் கனமே துணியை விறைப்பாக வைத்திருக்கிறது. 2019இல் சென்னையில் இந்தியா குவில்ட் திருவிழா நடந்தபோது கலை புதிதாகத் தோன்றியிருக்கலாம். அதற்கான கைப்பழக்கம் இந்நகரத் தையல் வகுப்புகளில் முன்பே இருந்தது.

துணியும் இருந்தது. நவராத்திரிக் கொலுவுக்கு வரும் பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கப்படும் ரவிக்கைத் துண்டுகள், தைக்கப்படாமலே மயிலாப்பூர், தியாகராய நகர் வீட்டு அலமாரிகளில் சேர்கின்றன. பல நிறமும் ஏறத்தாழ ஒரே அளவும் கொண்ட இத்துண்டுகள் ஒட்டுத்துணி வேலைக்கு மிக ஏற்றவை. பட்டுக்கலப்புத் துண்டுகளை மட்டும், சலவையில் வேறளவில் சுருங்குவதால், பருத்தியோடு சேர்க்காதிருத்தல் நலம்.

ஒரு பெரிய குவில்டை வெட்டி, இணைத்து, அடுக்கித் தைத்து, விளிம்பு கட்டி முடிக்கப் பல வாரங்கள் பிடிக்கும். ஜெய்ப்பூரின் ரஜாய் எனும் பஞ்சுப் போர்வைகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கையில் அவ்வுழைப்புக்குரிய விலையைப் பெறுவது கடினம் என்பதால், இத்தொழிலில் வருவாய் பெரும்பாலும் கற்பித்தலிலிருந்தே வருகிறது. தைத்த குவில்ட்கள் பேரக்குழந்தைக்கும், மணமகளுக்கும், நோயுற்ற தோழிக்கும் கொடையாகவே போகின்றன.