அரசர் போனார், பதிவேடு இருக்கிறது!



பி.காம். படிப்பவர்களுக்கு வருமான வரிப் பாடத்தில் பிரிவு 10 என்றாலே கொஞ்சம் கிலிதான். எந்தெந்த வருமானத்துக்கு வரி கிடையாது என்று நீண்டுகொண்டே போகும் பட்டியல் அது. விவசாய வருமானம், கல்வி உதவித்தொகை என்று மனப்பாடம் செய்துகொண்டே போனால் நடுவில் ஒரு வரி வரும். சிக்கிம்காரர் ஒருவர் சிக்கிமில் ஈட்டும் வருமானத்துக்கு வரி இல்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அதன் எண் 10(26ஏஏஏ).

தேர்வுக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் "சிக்கிம்காரர்" என்றால் யார்? அங்கே பிறந்தவரா? அங்கே வாழ்பவரா? மூன்று தலைமுறையாக அங்கே கடை வைத்திருப்பவரா? சட்டத்தை மட்டும் படித்தால் இதற்கு முழு பதில் கிடைக்காது. 1975 வரை இமயமலையில் இருந்த ஒரு குட்டி ராஜ்ஜியத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

மலை நாட்டு ராஜா

சிக்கிமின் பரப்பு 7,096 சதுர கிலோமீட்டர். 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம் பேர்தான். 1642-இல் யுக்சம் என்ற ஊரில் மூன்று லாமாக்கள் கூடி புன்ட்சோக் நம்கியாலை அரசராக்கினார்கள் என்பது மரபு. அரசருக்குப் பட்டம் சோக்யால், அதாவது தர்ம ராஜா. அதே நம்கியால் வம்சம்தான் 333 வருஷம் ஆண்டது.

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். 1835-இல் டார்ஜிலிங் கைமாறியது. 1861-இல் தும்லாங் ஒப்பந்தம். 1889-இல் கிளாட் ஒயிட் என்ற அரசியல் அதிகாரி கேங்டாக்கில் வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு அரண்மனையில் ராஜா இருந்தாலும் நிர்வாகம் பெரும்பாலும் அதிகாரியின் கையில்தான். 1894-இல் தலைநகரும் தும்லாங்கிலிருந்து கேங்டாக்குக்கு மாறியது.

மக்கள் மூன்று பிரிவினர். மண்ணின் ஆதிக்குடிகளான லெப்சாக்கள், திபெத் பக்கமிருந்து வந்த பூட்டியாக்கள், பின்னால் நேபாளத்திலிருந்து வந்து காடு திருத்தி மலைச்சரிவில் பயிர் செய்த நேபாளிகள். நேபாளிகள் சீக்கிரமே எண்ணிக்கையில் பெரும்பான்மை ஆனார்கள். இந்த மூன்று பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுவதும் இவற்றைச் சுற்றித்தான்.

குடியானவனின் முதுகு

ராஜ்ஜியம் என்றதும் நமக்கு அரண்மனையும் திருவிழாவும்தான் நினைவுக்கு வரும். சிக்கிமிலும் அவை உண்டு. கஞ்சன்ஜங்கா சிகரத்தையே காவல் தெய்வமாக வைத்துக் கொண்டாடும் பாங் லப்சோல், அறுவடை முடிந்து வரும் லோசூங் எல்லாம் இன்றும் நடக்கின்றன. ஆனால் சாதாரணக் குடியானவனுக்கு அரசு என்றால் முதலில் ஞாபகம் வந்தது சுமை!

நிலம் காசிகள், டிக்கேதார்கள் என்ற குத்தகை ஜமீன்தார்களின் பிடியில் இருந்தது. (காசி என்பது அங்கே ஒரு பிரபுப் பட்டம், நம் காசி அல்ல.) வரி வசூலிப்பதும் அவர்கள்தான், பலர் தங்கள் பகுதியில் வழக்கு விசாரித்துத் தண்டனையும் கொடுத்தார்கள். இது போதாதென்று கூலியில்லாத கட்டாய வேலை. அதிகாரி பயணம் வந்தால் மூட்டை தூக்க ஆள் அனுப்ப வேண்டும், அதற்கு ஜார்லாங்கி என்று பெயர். திபெத் வழியில் போகும் சரக்கைச் சுமப்பதற்குக் காலோபாரி என்று பெயர். கருப்புச் சுமை என்று அர்த்தம்.

நம் ஊரிலும் இதற்கு ஒரு சொல் உண்டு. வெட்டி! சோழர் கால கல்வெட்டுகளிலேயே வரும் சொல். கூலி இல்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை அது. இன்று பயனில்லாத வேலையை "வெட்டி வேலை" என்று கிண்டல் செய்கிறோம். அந்தச் சொல்லுக்குள் எத்தனை பேருடைய முதுகு வலி இருக்கிறது என்று யோசித்ததுண்டா?

வரியிலும் பாகுபாடு இருந்தது. ஒரே மாதிரி நிலத்துக்கு லெப்சா, பூட்டியா விவசாயியை விட நேபாளி விவசாயி அதிக வரி கட்டினார். மறுபக்கம், 1917-இல் வந்த ஓர் உத்தரவு லெப்சா, பூட்டியா நிலத்தை மற்றவர்கள் வாங்கக் கூடாது என்றது. சொந்த மண்ணிலேயே நிலமில்லாதவர்களாக ஆகிவிடுவோமோ என்ற அவர்களுடைய பயமும் நியாயமானதே. ஆக, நீ எந்தப் பிரிவு என்று எழுதப்பட்டிருக்கிறதோ அதை வைத்துத்தான் உன் வரி, உன் நிலம். கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

ஓட்டு வந்தது, கூடவே தராசும் வந்தது

1947 டிசம்பரில் சிக்கிம் ஸ்டேட் காங்கிரஸ் உருவானது. மூன்றே கோரிக்கைகள். ஜமீன் முறை ஒழிய வேண்டும், மக்கள் பிரதிநிதிகள் கொண்ட இடைக்கால அரசு வேண்டும், இந்தியாவோடு சேர வேண்டும். 1949 மே மாதம் ஆயிரக்கணக்கானோர் கேங்டாக்கில் திரண்டார்கள். தாஷி ட்ஷெரிங் தலைமையில் மக்கள் அமைச்சரவை ஒன்று அமைந்தது. ஆயுள் 29 நாள்! பிறகு அதைக் கலைத்துவிட்டு இந்தியா அனுப்பிய திவான் பொறுப்பேற்றார். 1950 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு எல்லாம் இந்தியாவிடம், உள்நாட்டு நிர்வாகம் ராஜாவிடம். இந்தியா வருஷத்துக்கு 3 லட்சம் ரூபாய் கொடுக்கும் என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது.

கட்டாய வேலையும் குத்தகை முறையும் இந்தக் காலத்தில் ஒவ்வொன்றாக ஒழிந்தன. 1953-இல் தேர்தலும் நடந்தது. ஆனால் இடங்கள் எப்படிப் பிரிக்கப்பட்டன தெரியுமா? நேபாளிகளுக்கு 6, லெப்சா-பூட்டியாக்களுக்கு 6, அரசர் நியமிப்பவர்கள் 5. பெரும்பான்மையினருக்கும் சிறுபான்மையினருக்கும் சம இடம். எண்ணிக்கையில் மூழ்கிப் போகாமல் சிறுபான்மையைக் காக்கும் ஏற்பாடு என்றது அரண்மனை. என் ஓட்டுக்கு மட்டும் ஏன் எடை குறைவு என்று கேட்டார் நேபாளி விவசாயி. இரண்டு பேர் கேள்வியிலும் நியாயம் இருந்தது. அதுதான் சிக்கல்.

1961-இல் சிக்கிம் குடிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. யார் யார் சிக்கிம் குடிகள் என்று ஒரு பதிவேடு தயாரானது. இந்தியக் குடியுரிமையை விட விரும்பாமல் அதில் பெயர் சேர்க்காத வியாபாரக் குடும்பங்கள் இருந்தன. வணிகவியல் மாணவனாக எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. ஏனென்றால் அந்த ராஜ்ஜியத்தின் கஜானாவையே பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டது ஜேத்மல் போஜ்ராஜ் என்ற வட இந்திய வியாபார நிறுவனம்தான். 1968-இல் ஸ்டேட் பேங்க் ஆஃப் சிக்கிம் தொடங்கும் வரை அரசுக்கு வங்கி அவர்களே!

இரண்டே வருஷம்

கடைசி அரசர் பால்டன் தொண்டுப் நம்கியால். 1963-இல் ஹோப் குக் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் கேங்டாக் பக்கம் திரும்பின. சத்யஜித் ராய் 1971-இல் அரசருக்காக ஓர் ஆவணப்படமே எடுத்தார். பின்னால் தடை செய்யப்பட்ட அந்தப் படத்தின் தடை 2010-இல்தான் நீங்கியது.

1973 தேர்தலில் முறைகேடு என்று கிளர்ச்சி வெடித்தது. அந்த மே மாதம் இந்தியா, அரசர், கட்சிகள் மூன்று தரப்பும் ஒப்பந்தம் போட்டன. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற கொள்கை அதில் ஏற்கப்பட்டது. 1974 தேர்தலில் காசி லெண்டுப் தோர்ஜியின் சிக்கிம் காங்கிரஸ் 32-இல் 31 இடம் பிடித்தது. 1975 ஏப்ரல் 9 அன்று இந்திய ராணுவம் அரண்மனைக் காவலர்களின் ஆயுதங்களைப் பறித்தது. ஏப்ரல் 14 அன்று பொது வாக்கெடுப்பு. அரச பதவியை ஒழித்து இந்தியாவோடு சேர ஆதரவு 59,637, எதிர்ப்பு 1,496. மே 16-இல் சிக்கிம் இந்தியாவின் 22-வது மாநிலம் ஆனது.

இது மக்கள் விருப்பமா, அபகரிப்பா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. சுனந்தா தத்தா-ரே என்ற பத்திரிகையாளர் 1984-இல் எழுதிய புத்தகம் அபகரிப்பு என்றே சொல்கிறது. அப்போது அங்கே பணியாற்றிய உளவுத்துறை அதிகாரி ஜி.பி.எஸ். சித்து 2018-இல் எழுதிய புத்தகம் அதை ஜனநாயகத்தின் விடியல் என்கிறது. ராணுவம் அரண்மனையில் நுழைந்த ஐந்தாம் நாள் நடந்த வாக்கெடுப்பு சந்தேகத்தைத் தரத்தான் செய்யும். ஆனால் சுமை தூக்கியவர்களின் மூன்று கோரிக்கைகள் 1947-லேயே எழுதப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது.

போகாத பழசு

அரசர் போய்விட்டார். ராஜ்ஜியம் போகவில்லை! அரசியலமைப்பில் 371-எஃப் என்ற பிரிவைச் சேர்த்துப் பழைய சட்டங்கள் தொடரும் என்றார்கள். சிக்கிம் சட்டமன்றத்தில் சங்கம் என்று ஒரு தொகுதி உண்டு. அதற்கு ஊரும் கிடையாது, எல்லையும் கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட புத்த மடங்களின் துறவிகள் மட்டுமே அதில் ஓட்டுப் போடலாம். 1993-இல் உச்ச நீதிமன்றமும் இதைச் செல்லும் என்றது.

வரியும் அப்படித்தான். 1990 வரை இந்திய வருமான வரிச் சட்டம் சிக்கிமுக்குப் போகவே இல்லை. அங்கே 1948-இன் பழைய வரி விதிகள்தான். 2008-இல் 10(26ஏஏஏ) வந்தபோது சிக்கிம்காரர் யார் என்பதற்கு அடையாளம் வேண்டுமே? அந்த 1961 பதிவேட்டைத்தான் அடிப்படையாக எடுத்தார்கள். விளைவு, இணைப்புக்கு முன்பே பல தலைமுறையாக வாழ்ந்தும் அதில் பெயர் இல்லாத குடும்பங்களுக்குச் சலுகை இல்லை. அது மட்டுமா? 2008 ஏப்ரல் 1-க்குப் பிறகு வெளி ஆளைக் கல்யாணம் செய்துகொண்ட சிக்கிம் பெண்ணுக்கும் சலுகை கிடையாது. வெளியூர்ப் பெண்ணைக் கட்டிய ஆணுக்கு ஒன்றும் ஆகாது!

2023 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டுமே தவறு என்றது. 1975 ஏப்ரல் 26-க்கு முன்பே குடியேறிய இந்தியர்களுக்கும் சலுகை உண்டு, பெண்ணுக்கு எதிரான அந்த விலக்கு செல்லாது என்று தீர்ப்பு. ஆனால் தீர்ப்பில் நேபாளிகளை வெளிநாட்டு வம்சாவளியினர் என்பதுபோல் ஒரு வாசகம் இருந்தது. சிக்கிமே கொதித்தது. அடுத்த மாதமே நீதிமன்றம் அதை நீக்கியது. நேபாளிகள் 1953-இல் சம்பாதித்த மனக்கசப்பு 70 வருஷம் கழித்தும் ஆறவில்லை என்று தெரிகிறது.

நம்ம பக்கம்

வாலாஜாபாத் என்ற எங்கள் ஊர்ப் பெயரே ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவிடமிருந்து வந்தது. 1801-இல் அந்த ராஜ்ஜியத்தின் நிர்வாகம் கம்பெனியிடம் போனது. பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் குடவோலைத் தேர்தல் விதிகள் உள்ளன. பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட 35 வயது முதல் 70 வயது, வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த வீடு, வேதப் படிப்பு வேண்டும். வெட்டி வேலை செய்தவன் பெயர் அந்தக் குடத்துக்குள் விழ வாய்ப்பே இல்லை.

இன்று ஒரகடம் ஷிப்ட் பஸ்களில் ஒடிசா, பீகார், அஸ்ஸாம் முகங்கள். எங்கள் தெருக்களில் வாடகைக்கு இருக்கிறார்கள், இங்கேயே குழந்தை பெறுகிறார்கள். எத்தனை வருஷம் இருந்தால் ஒருவர் "நம்ம ஊர்க்காரர்" ஆவார்? எந்தத் தேதியைக் கோடாக வைப்போம்? எந்தப் பதிவேட்டைப் பார்ப்போம்?

சிக்கிமில் ராஜா, திவான், கட்சி, நீதிமன்றம் என்று எல்லோரும் மாறி மாறிப் பதில் சொல்லிப் பார்த்த கேள்வி இது. ஆட்சி மாற ஒரு வாக்கெடுப்பு போதுமாக இருந்தது. பதிவேட்டில் ஒரு பெயர் சேர 48 வருஷம் ஆனது. அடுத்த முறை யாராவது "அவன் வெளியாள்" என்று சொல்லும்போது, எந்த வருஷத்திலிருந்து என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.